பன்னிரண்டு நாளில் வந்த சட்டம்

டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தர் ஒரு பழைய சிறைக்குடியிருப்பு. இன்று சுற்றுலாத் தலம். 1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த பன்னிரண்டு நாளில் ஆஸ்திரேலியா தன் துப்பாக்கிச் சட்டங்களைத் திருத்த ஒப்புக்கொண்டது.

உலகமே மெச்சும் இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதது, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பது. பிரதமர் ஜான் ஹோவர்ட் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. லிபரல் கட்சிக்காரர், பழமைவாதி. துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் பெரும்பாலும் அவருடைய கூட்டணிக்கே ஓட்டுப் போட்டவர்கள். சட்டம் போடும் அதிகாரமோ மாநிலங்களிடம். 'ஒத்துவராவிட்டால் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்துவேன்' என்ற மிரட்டலும் அந்த உடன்பாட்டுக்குப் பின்னால் இருந்தது.

விக்டோரியா மாநிலத்தின் சேல் நகரில், கொதித்துப்போயிருந்த துப்பாக்கிக்காரர்கள் முன்னால் கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து பேசினார் ஹோவர்ட். அதை அணிந்திருக்கக் கூடாது என்று பின்னாளில் அவரே வருந்தினார். அவருடைய கூட்டணியில் இருந்த, கிராமப்புறத் தொகுதிகளை நம்பியிருந்த நேஷனல் கட்சிக்கு அடி பலமாகவே விழுந்தது. 1998 குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் புதுக்கட்சியான ஒன் நேஷன் 11 இடங்களைப் பிடித்தது; நேஷனல் கட்சி தலைமையிலான ஆட்சி கவிழ்ந்தது. துப்பாக்கிச் சட்டத்தின் மீதிருந்த கோபம் அதற்கு ஒரு காரணம்.

அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் பலவற்றுக்குத் தடை வந்தது. மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்குச் சற்றே உயர்த்தி, அந்தப் பணத்தில் சுமார் 6,50,000 துப்பாக்கிகளை அரசு விலைக்கு வாங்கி அழித்தது. ஆனால் என் கணக்கில் சட்டத்தின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது: உரிமம் வேண்டுமென்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு என்பது காரணமாகாது. அமெரிக்காவில் இந்த ஒரு வரி நிற்காது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அரசியல் சாசன உரிமை என்று 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 'ஆஸ்திரேலியாவைப் பார்' என்று அமெரிக்கர்களுக்குப் புத்தி சொல்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் எவ்வளவு உயிரைக் காத்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சச்சரவு உண்டு. துப்பாக்கிச் சாவுகள் 1996-க்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தன என்பது ஒரு தரப்பின் வாதம். அது உண்மையும்கூட. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டில் அடுத்தடுத்து நடந்த கூட்டுக்கொலைகள் பிறகு அரிதாகிப்போயின.

அரிதானதும் அரசுகள் அசந்துவிட்டன. மாநிலங்களின் பதிவேடுகளை இணைத்து நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்று 1996-லேயே பேசினார்கள். அதைக் கட்டியெழுப்ப முடிவானது 2023-ல்தான். இதற்கிடையே மக்களிடமுள்ள துப்பாக்கிகள் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

2025 டிசம்பர் 14, சிட்னியின் போண்டை கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் தந்தையும் மகனும் சுட்டதில் 15 பேர் இறந்தார்கள். தந்தையிடம் முறையான உரிமத்தோடு ஆறு துப்பாக்கிகள் இருந்தன.

சில நாட்களிலேயே, மீண்டும் துப்பாக்கிகளை விலைக்கு வாங்கும் திட்டத்தைப் பிரதமர் அல்பனீஸ் அறிவித்தார். ஹோவர்ட் காலத்தில் வரி போட்டுப் பணம் திரட்டியது மத்திய அரசு. இந்த முறை செலவில் பாதியை மாநிலங்கள் ஏற்க வேண்டுமாம்.