எந்தச் சாமானை எந்தக் கடையில்?

மதுரை மாநகரத்தில் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுச் சாமான் வாங்கப் புறப்படும் ஒரு குடும்பஸ்தனுக்கு முன்னால் இன்று ஏழெட்டு வழிகள் திறந்து கிடக்கின்றன. தெருமுனையில் அண்ணாச்சியின் மளிகைக் கடை; அடுத்த வீதியில் நியாயவிலைக் கடை; அண்ணா நகரில் உழவர் சந்தை; மாட்டுத்தாவணியில் காய்கறி மார்க்கெட்; கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரிகளின் நீண்ட வரிசை; கூட்டுறவு அங்காடி; குளிர்சாதன வசதி செய்த சூப்பர் மார்க்கெட்டுகள்; இவை போதாவென்று, தொட்ட மாத்திரத்தில் சரக்கை வாசலில் கொண்டுவந்து இறக்கும் கைப்பேசிச் செயலிகள். இவற்றுள் எது மலிவு என்று விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கடையின் பெயரைச் சொல்லுவர். அவரவர் சொல்லுவதும் ஏதேனும் ஒரு பண்டத்தைப் பொறுத்தமட்டில் உண்மையாகவே இருக்கும். எல்லாப் பண்டங்களையும் ஒருசேர மலிவாக விற்கும் கடையை நான் எவ்வூரிலும் கண்டதில்லை. ஆகவே ஒரு கடையை நிச்சயித்துக்கொண்டு அங்கே அகப்படும் விலைக்கு எல்லாவற்றையும் வாங்குவதைக் காட்டிலும், ஒவ்வொரு சாமானும் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், அதன் விலை எப்பருவத்தில் ஏறி எப்பருவத்தில் இறங்கும், அதன் தரத்தைக் கண்ணாலும் கையாலும் சோதிக்க இயலுமா என்பவற்றை முதலில் யோசித்து, அதற்குரிய இடத்தைப் பிறகு தேடுவதே சிக்கனத்துக்கு உகந்த முறை என்பது என் அபிப்பிராயம்.

இவ்விஷயத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது. 2023-24-இல் மத்திய அரசு நடத்திய குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமவாசிகளின் செலவில் ஏறக்குறைய 47 சதவீதமும், நகரவாசிகளின் செலவில் ஏறக்குறைய 40 சதவீதமும் உணவுக்கே போகின்றன. வருமானம் குறையக் குறைய, செலவில் உணவின் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் 1857-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் நம் இஷ்டப்படி குறைத்துக்கொள்ள இயலாது. விலைவாசி ஏறும் காலத்தில் ஏழைக் குடும்பம் கைவைக்கக்கூடிய இடம் சமையலறை ஒன்றுதான். அங்கே விவேகமின்றிக் கைவைத்தால் முதலில் குறைவது பருப்பும் பாலும் காய்கறியுமேயாதலால், கடையைத் தேர்ந்துகொள்ளும் சாமர்த்தியம் அவ்வீட்டுக் குழந்தைகளின் தேகபுஷ்டியைக் காப்பாற்றும் சாதனமாகவே ஆகிறது.

கணக்கை நியாயவிலைக் கடையிலிருந்தே தொடங்கவேண்டும். வறுமைக்கோடு ஒன்றை வகுத்து மற்றவர்களை விலக்காமல், அட்டை வைத்திருக்கும் அனைவருக்கும் பொதுவாக நடைபெறுவது தமிழ்நாட்டு விநியோகத் திட்டத்தின் விசேஷம். அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் மாதம் முதல் அரிசி விலையின்றிக் கிடைத்து வருகிறது. அந்த்யோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் அளிக்கப்படுகின்றன. ரேஷன் அரிசியின் ரகம் மாதத்துக்கு மாதம் வேறுபடுவதால் அதைச் சோற்றுக்கு விரும்பாதவர்கள்கூட, நன்றாகக் களைந்து ஊறவைத்து இட்லி மாவுக்கு அரைத்துக்கொள்ளுகிறார்கள். அவ்விதம் செய்தாலே இட்லி அரிசிக்கென்று செலவிடும் தொகை மிஞ்சும். பருப்பும் எண்ணெயும் சில மாதங்களில் பிந்தி வருவதுண்டு. ஆதலால் அவை வந்துவிட்டனவா என்று கேட்டறிந்த பின்னரே மளிகைக் கடைக்குச் சிட்டை எழுதுவது நலம். முன்னதாகவே எழுதிவிட்டால் வெளிச்சந்தையில் அதே பருப்புக்கு மூன்று நான்கு மடங்கு கொடுக்க நேரிடும்.

காய்கறிக்கு உழவர் சந்தையைச் சொல்லுவேன். முதலாவது உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது என்பதில் இவ்வூர்க்காரர்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு. தரகரும் கமிஷன் மண்டியும் இடையே நில்லாமல், அடையாள அட்டை பெற்ற விவசாயி தம் விளைச்சலைத் தாமே கொண்டுவந்து, சந்தை நிர்வாகம் கொடுக்கும் தராசில் நிறுத்து விற்பது இதன் ஏற்பாடு. அன்றன்றைய மொத்த விலைக்கும் வெளிக்கடைச் சில்லறை விலைக்கும் நடுவே ஒரு விலையை நிர்ணயித்துக் காலையிலேயே பலகையில் எழுதி வைக்கிறார்கள். வாசலில் ஒரு நிமிஷம் நின்று அப்பலகையை வாசித்துவிட்டு உள்ளே செல்பவரை யாரும் ஏமாற்ற இயலாது. அங்கே அனுபவசாலியான ஒரு மூதாட்டி காய் பொறுக்குவதைக் கவனித்தால் அதுவே ஒரு பாடமாக இருக்கும்: வெண்டைக்காயின் நுனியை விரலால் வளைத்துப் பார்ப்பார், அது ‘டக்’கென்று ஒடிந்தால்தான் கூடையில் விழும், கத்தரிக்காயின் காம்பு பசுமை மாறாமல் இருக்கிறதா என்று திருப்புவார், முருங்கைக்காயை இலேசாக முறுக்கி, அது வளைந்து கொடுத்தால் எடுத்துக்கொள்ளுவார், விறைத்து நின்றால் முற்றல் என்று வைத்துவிடுவார். பிளாஸ்டிக் உறையில் அடைத்து வரும் காய்க்கு இச்சோதனை எதுவும் செல்லாது. கீரையையும் நாட்டுக் காய்களையும் வாங்க இதனினும் உத்தமமான இடம் இல்லை. பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் தொலைவிலிருந்து லாரியில் வருபவையாதலால் அவற்றுக்கு மாட்டுத்தாவணியே சகாயம். அவை சில வாரம் கெடாமலும் இருக்கும்.

ஆனால் மலிவு என்ற ஒரே காரணத்தால் மிகையாக வாங்குவது பெரும் நஷ்டம். கிலோ 20 ரூபாய் வீதம் ஐந்து கிலோ தக்காளி வாங்கி, இரண்டு கிலோவை அழுகவிட்டு எறிந்தால், மிஞ்சிய மூன்று கிலோவுக்கு நாம் கொடுத்தது கிலோவுக்கு 33 ரூபாய்க்குமேல். தெருவில் தள்ளுவண்டிக்காரர் 30 ரூபாய்க்குக் கொடுத்ததை வாங்கியிருந்தால் லாபமாயிருக்கும். போக்குவரத்துச் செலவும் அவ்வாறே. காய்கறியில் 40 ரூபாய் மிச்சம் பிடிக்க ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுப்பதில் அர்த்தமில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாடு இக்கணக்கை வெகுவாக மாற்றிவிட்டது: முன்பு தூரத்தை நினைத்துத் தெருக்கடையோடு நின்றுவிட்ட தாய்மார்கள் இப்பொழுது பேருந்து ஏறிச் சந்தைக்கே போய் வருகிறார்கள். ஒரு சலுகையின் பலன் இப்படி மற்றோர் இடத்தில் வந்து முளைப்பதைக் காண மனத்துக்கு நிறைவாயிருக்கிறது.

இனி, நாள்பட இருக்கும் சாமான்கள். அரிசி, பருப்பு, புளி, மிளகாய் வற்றல், மல்லி ஆகியவற்றை அறுவடையை ஒட்டி வாங்குவது நம் முன்னோர் கைக்கொண்ட முறை. சம்பா நெல் தை, மாசியில் களத்துக்கு வரும். புதுப்புளி மாசி, பங்குனியில் வரத்தொடங்கும். இராமநாதபுரம் சீமையிலிருந்து மிளகாய் மூட்டைகள் பங்குனி, சித்திரையில் குவியும். அக்காலத்தில் கீழமாசி வீதிக்குப் போய் வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கி, கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைத்து வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் அற்றுப்போகவில்லை. மிளகாயையும் மல்லியையும் சித்திரை வெயிலில் நன்றாகக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டால், பொட்டலத்தில் விற்கும் பொடிக்கு ஆகும் செலவில் கணிசமான பகுதி மீதமாவதோடு, அதில் என்ன கலந்திருக்கிறதோ என்ற சந்தேகமும் ஒழிகிறது.

இந்த இடத்தில் வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. பொட்டலமிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டி, 25 கிலோ வரை எடையுள்ளதாக விற்கப்படும் அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, மூட்டையை அவிழ்த்து, கண்ணெதிரே உதிரியாக நிறுத்துக் கொடுப்பதற்கு அவ்வரி கிடையாது. 26 கிலோ சிப்பம் என்ற புதிய அளவு அரிசிக் கடைகளில் தோன்றியதற்குக் காரணம் இதுவே. பக்கத்துப் பக்கத்தில் 25 கிலோவும் 26 கிலோவும் அடுக்கியிருக்கும் கடையில் சிப்பத்தின் மொத்த விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு கிலோவுக்கு என்ன விழுகிறதென்று வகுத்துப் பார்க்கவேண்டும். பருப்பை உதிரியாக வாங்கும்போது ஒரு கை அள்ளித் தூசியும் வண்டும் உண்டா என்று நோக்கவும் முடிகிறது. எண்ணெய் ஒன்றை மட்டும் உதிரியாக வாங்குதல் ஆகாது. உதிரி எண்ணெய் விற்பனையைக் கலப்படத்துக்கு அஞ்சிச் சட்டமே தடுத்திருக்கிறது.

அண்ணாச்சி கடையைப் பற்றிப் பலர் அலட்சியமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. சூப்பர் மார்க்கெட்டைவிடப் பருப்புக்கு இரண்டு ரூபாய் அதிகம் என்று கணக்குக் காட்டுவோர், அவர் எழுதி வைத்துக்கொள்ளும் பற்று வரவு நோட்டின் மதிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சம்பளம் வரப் பத்து நாள் இருக்கையில் வட்டியின்றி அரிசியும் எண்ணெயும் கொடுப்பவர் அந்த மனிதர் ஒருவரே. அதே தொகையைக் கந்துவட்டிக்கு வாங்கினால் அந்த இரண்டு ரூபாய் எத்தனை மடங்காகப் பெருகும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். “அண்ணாச்சி, போன தடவை குடுத்த பருப்பு எவ்வளவு நேரம் வச்சாலும் வேகலையே” என்று ஒரு பெண்மணி சொல்ல, “அப்படியாக்கா? மிச்சத்தைக் கொண்டாங்க, மாத்தித் தாரேன்” என்று அவர் தயக்கமின்றி விடை சொல்லுவதை இன்றும் கேட்கலாம். 10 ரூபாய்க்குச் சீரகமும் 5 ரூபாய்க்குக் கடுகும் பொட்டலம் மடித்துத் தருபவரும் அவரே. கடனாக வாங்கும் வீட்டார் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: நோட்டில் ஏறும் தொகையை அன்றன்றே வீட்டிலும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொள்ளுதல். அது அவரைச் சந்தேகிப்பதாகாது. மாதக் கடைசியில் மனஸ்தாபம் வராமல் இருவரையும் காக்கும்.

சூப்பர் மார்க்கெட்டில் வாங்கத் தக்கவை சோப்பு, சலவைத்தூள், பிஸ்கட், பெயர் பெற்ற நிறுவனங்களின் எண்ணெய் முதலியவை. ஏராளமாகக் கொள்முதல் செய்வதால் அவற்றை அச்சிட்ட விலைக்குக் கீழே விற்க அவர்களுக்குச் சாத்தியமாகிறது. பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது மேல்வரம்பு, அதற்குமேல் விற்பது குற்றம், கீழே விற்பதற்கு எந்தத் தடையும் இல்லை. சமையல் எண்ணெயில் இவ்வரம்புக்கும் உண்மை விற்பனை விலைக்கும் இடையே பெரும் வித்தியாசம் இருப்பதுண்டு. ஆகவே, “அச்சிட்ட விலையில் இவ்வளவு தள்ளுபடி” என்ற அறிவிப்பை அடுத்த கடையின் விலையோடு ஒப்பிடாமல் நம்புதல் கூடாது. கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் பொட்டலத்தில் அச்சிடவேண்டுமென்று இப்போது விதி இருக்கிறது. சிறிய எழுத்தாயினும் அதைத் தேடிப் படிக்கவேண்டும். 100 கிராம் 38 ரூபாய், 250 கிராம் 90 ரூபாய் என்றால் கிலோவுக்கு முறையே 380, 360 ஆகிறது, பெரியது மலிவு. எப்போதும் பெரியதே மலிவென்றும் நினைத்துவிடலாகாது: கடலூர் சின்னி கிருஷ்ணன் முன்னோடியாக நின்று பரப்பிய ஷாம்பு ‘சாஷே’ பல சமயம் புட்டியைவிட மில்லிலிட்டருக்குக் குறைந்த விலையாகவே அமைகிறது. செயலிகளைப் பொறுத்தவரை, கொண்டுவரும் கூலியையும் சிறிய ஆர்டருக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் போதும். நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டுக்கு அது உதவி, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வீண் செலவு.

எந்தக் கடையாயினும் தராசைப் பார்க்கவேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறை அதிகாரிகள் சோதித்து முத்திரையிடுகிறார்கள். சரக்கை வைக்குமுன் எண் சுழியத்தில் நிற்கிறதா என்று ஒரு கணம் கண்ணை ஓட்டுதல் யாரையும் புண்படுத்தாது.

இவ்வளவு சொன்ன பின்னும் மனத்தை உறுத்தும் சங்கடம் ஒன்று எஞ்சுகிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு, பருவத்தில் வாங்கினால் மலிவு என்பவை கையில் ஒருசேரப் பணம் உள்ளவர்களுக்கே பயன்படும் யோசனைகள். அன்றாடக் கூலி வாங்கி அன்றாடம் அடுப்பு மூட்டும் குடும்பம் கால் கிலோ பருப்பும் நூறு மில்லி எண்ணெயும் வாங்குவதால், வசதியுள்ளவரைவிடக் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறது. இந்த அநியாயத்துக்குப் பரிகாரம் தேடியே 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்துத் தொழிலாளிகள் 28 பேர் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு கடையைத் திறந்து, லாபத்தை வாங்கியவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தார்கள். நம் சென்னையிலும் 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் உதயமாயிற்று. மதுரையில் பாண்டியன், சென்னையில் காமதேனு, கோவையில் சிந்தாமணி என்ற கூட்டுறவு அங்காடிகள் அம்மரபின் வழிவந்தவை. வெளிச்சந்தை தாறுமாறாக ஏறும்போது அவற்றின் உபயோகம் விளங்கும்: 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் நியாயவிலைக் கடைகளின் வாயிலாகக் கிலோ 60 ரூபாய்க்கு அது விற்கப்பட்டது.

அங்காடி அருகில் இல்லாத தெருக்களில் பெண்கள் இதே முறையைத் தாங்களே சிறிய அளவில் செய்துகொள்ளலாம். நான்கைந்து வீட்டார் ஆளுக்கு ஒரு பங்கு போட்டு, கீழமாசி வீதியில் ஒரு மூட்டை துவரம் பருப்பும் ஒரு டின் எண்ணெயும் வாங்கி வந்து திண்ணையில் வைத்துப் பிரித்துக்கொண்டால், கால் கிலோவுக்கு வாங்கும் வீட்டுக்கும் மூட்டை விலை வாய்க்கும். மகளிர் சுய உதவிக் குழு உள்ள தெருவாயிருந்தால் பணம் திரட்டும் சிரமமும் குறையும். வாரம் இருபது முப்பது ரூபாய் வீதம் சேர்த்துக்கொண்டு வந்தால் மிளகாய் வரத்துக் காலத்துக்குள் ஒரு மூட்டைக்கான முதல் கையில் இருக்கும். நிறுப்பவர் ஒருவராகவும் கணக்கு எழுதுபவர் வேறொருவராகவும் இருக்கட்டும். அடிமூட்டையில் மிஞ்சும் தூளையும் குருணையையும் எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளட்டும்.