சிறையிருக்கும் பெண்களும் உடல்நலமும்

குற்றம் புரிந்தோருக்கு நீதிமன்றம் விதிக்கும் தண்டனை சுதந்திர இழப்பாகும். அதனோடு நோயையும் சேர்த்து விதிக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை. ஆயினும், சிறைசென்ற பெண்ணொருத்தி தண்டனை முடிந்து நோயாளியாக வீடு திரும்புவாளாயின், சட்டம் கூறாத இரண்டாந் தண்டனையொன்றை நாம் அவளுக்கு அளித்தவர்களாகின்றோம். பால்வினை நோய் பற்றிப் பேச நம்மிற் பலர் கூசுவர். கூச்சத்தினால் நோய் குறைவதில்லை. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

1813ஆம் ஆண்டில் எலிசபெத் பிறை என்னும் அம்மையார் இலண்டன் மாநகரின் நியூகேற் சிறையினுட் சென்றார். அங்கே பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 300 பேர் நெருக்குண்டு கிடந்தமையைக் கண்டு மனம் நைந்தார். 1817இல் அவர் அமைத்த மாதர் சங்கம் அவர்களுக்கு உடையும் தையல் வேலையும் கல்வியும் அளித்தது. பெண் கைதிகளைப் பெண்களே காவல்புரிதல் வேண்டும் என்னும் விதி 1823ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

அதே இங்கிலாந்து பின்னர் வழிதவறியதையும் நாம் அறிதல் வேண்டும். போர்வீரரிடையே பால்வினை நோய் பெருகியதைக் கண்ட அரசாங்கம், 1864இல் ஒரு சட்டம் இயற்றியது. துறைமுகப் பட்டினங்களிலும் படைமுகாம் உள்ள ஊர்களிலும் பொலிசார் ஐயுற்ற பெண்கள் வைத்திய பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். மறுத்தவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஆடவர் எவரும் பரிசோதிக்கப்படவில்லை! ஜோசபின் பட்லர் அம்மையார் நெடுங்காலம் போராடியதன் பயனாக 1886இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. வற்புறுத்தல் நோயாளியை மறைந்தொழியச் செய்யும். நம்பிக்கையே அவளை வைத்தியரிடம் அழைத்து வரும் என்பது இதனால் நாம் பெறும் பாடமாகும்.

இந்நோய்களின் இயல்பும் அத்தகையதே. கொனோரியா, கிளமிடியா என்பன பெண்களிடத்தே பெரும்பாலும் அறிகுறியின்றி இருந்து, கருக்குழாய்களைப் பழுதாக்கி, மகப்பேற்றையே தடுத்துவிடக் கூடும். சிபிலிஸ் நோயின் முதற்புண் வலியின்றித் தோன்றித் தானே மறையும்; நோயோ உடலினுள் தங்கிக் கருவிலுள்ள சிசுவையும் பற்றும். உரிய காலத்தில் அளிக்கப்படும் பெனிசிலின் தாயையும் சேயையும் காக்கும். எச்.ஐ.வி. கிருமியை முற்றாக ஒழிக்கும் மருந்து பொதுப் பயன்பாட்டில் இல்லையெனினும், நாள்தோறும் மருந்துண்டு அதனை நன்கு அடக்கிவைத்தோரிடமிருந்து உடலுறவினால் அது பிறருக்குப் பரவுவதில்லை. ஊசிகளைப் பகிர்ந்து கொள்ளுதல் இரத்தவழி நோய்களைப் பரப்பும் என்பதையும் மறத்தலாகாது.

உலகச் சிறைவாசிகளுட் பெண்கள் பத்திலொரு பங்கினுங் குறைவானவர். ஆகவே சிறைகள் ஆடவரை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டன. இக்குறையை நீக்கத் தாய்லாந்து முன்னின்று உழைத்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 டிசம்பர் 21ஆந் தேதி 70 விதிகளை ஏற்றுக்கொண்டது. அவை பாங்கொக் விதிகள் எனப்படும். சுகாதாரத் துவாய்களை இலவசமாக வழங்குதல், தடையற்ற நீர் வசதி, சிறைபுகும் வேளையில் உடற்பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்னறியும் சோதனை, இயன்றவரை பெண் வைத்தியர், நோய்த்தடுப்பு பற்றிய கல்வி என்பன அவற்றுள் அடங்கும். நோயாளியின் இரகசியத்தைக் காத்தலும் அங்கு வலியுறுத்தப்படுகின்றது. தன் நோய் காவலர் வாயிலும் சக கைதிகள் வாயிலும் அடிபடும் என்று அஞ்சும் பெண் எவ்வாறு வாய்திறப்பாள்?

இலங்கைக்கும் இதில் ஒரு பொறுப்புண்டு. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் நம் நாட்டிற்குச் சான்று வழங்கியது. அப்பெருமை நிலைத்திருக்க வேண்டுமாயின், சிறையிலுள்ள கர்ப்பிணியும் வெளியிலுள்ள கர்ப்பிணியைப் போன்றே பரிசோதனையும் சிகிச்சையும் பெறுதல் வேண்டும்.

சிறைபுகுந்த பெண்ணும் ஒருநாள் வெளிவருவாள். ஒரு வீட்டின் தாயாகவோ மகளாகவோ சகோதரியாகவோ நம் தெருவிலேயே வாழ்வாள். அவளுடைய நலம் ஊராரின் நலமேயன்றி வேறன்று. நாளை வைத்தியராகவும் தாதியராகவும் சட்டத்தரணிகளாகவும் விளங்கப்போகும் மாணவர்கள் இதனை இன்றே உளங்கொள்வார்களாக.