பக் ஓ'நீல்

ஜான் ஜோர்டான் "பக்" ஓ'நீல் (நவம்பர் 13, 1911 – அக்டோபர் 6, 2006) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அடிபந்தாட்ட வீரரும் அணி மேலாளரும் பயிற்றுனரும் ஆவார். பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தின் மேஜர் லீக் அணியொன்றில் பயிற்றுனராக அமர்த்தப்பட்ட முதல் கறுப்பினத்தவர் இவரே. 1962இல் சிக்காகோ கப்ஸ் அணி இவருக்கு இப்பதவியை அளித்தது. எனினும் ஆட்டத்தின்போது களத்தில் நின்று பயிற்றுனர் பணியாற்றும் வாய்ப்பு இவருக்குக் கிடைக்கவில்லை.

இளமைக்காலம்

ஓ'நீல் புளோரிடா மாநிலத்தின் கராபெல் என்னும் ஊரில் பிறந்து, அதே மாநிலத்தின் சரசோட்டாவில் வளர்ந்தார். இளமையில் செலரிக் கீரை வயல்களில் வேலை செய்தார். சரசோட்டா உயர்நிலைப் பள்ளி அக்காலத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே ஜாக்சன்வில் நகரிலுள்ள எட்வர்ட் வாட்டர்ஸ் கல்லூரியில் பள்ளிப் படிப்பை முடித்து, மேலும் இரண்டு ஆண்டுகள் பயின்றார். அதே சரசோட்டா பள்ளி 1995இல் இவருக்குப் பட்டயம் வழங்கிச் சிறப்பித்தது.

விளையாட்டு வாழ்வு

மேஜர் லீக் அணிகள் 1947 வரை கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதில்லை. இதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. அணி உரிமையாளர்களிடையே நிலவிய இணக்கமே காரணமாகும். இதனால் கறுப்பின வீரர்கள் நீக்ரோ லீக் என அக்காலத்தில் வழங்கப்பட்ட தனி லீக்குகளில் ஆடினர். ஓ'நீல் 1937இல் மெம்பிசு ரெட் சாக்ஸ் அணியிலும், 1938 முதல் கன்சாஸ் நகர மொனார்க்ஸ் அணியிலும் முதல் தளக் காப்பாளராக ஆடினார். 1942ஆம் ஆண்டின் நீக்ரோ உலகத் தொடரில் மொனார்க்ஸ் அணி ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை 4-0 எனத் தோற்கடித்தது. இரண்டாம் உலகப் போரின்போது இவர் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார்.

1948 முதல் 1955 வரை இவர் மொனார்க்ஸ் அணியின் மேலாளராக இருந்தார். அடிபந்தாட்டத்தில் ஆட்ட உத்திகளையும் வீரர் தேர்வையும் முடிவு செய்பவர் மேலாளரே. இவரிடம் ஆடியவர்களுள் எர்னி பேங்க்சு, எல்ஸ்டன் ஹோவர்ட் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். பேங்க்சு 1953இல் கப்ஸ் அணிக்குச் சென்றார். ஹோவர்ட் 1955இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் முதல் கறுப்பின வீரரானார்.

பயிற்றுனர் பதவி

மொனார்க்ஸ் அணியிலிருந்து விலகிய பின் ஓ'நீல் கப்ஸ் அணிக்காகத் திறமையான இளம் வீரர்களைத் தேடிக் கண்டறியும் பணியில் சேர்ந்தார். பின்னாளில் 938 தளத் திருட்டுகள் புரிந்த லூ பிராக் இவர் வழியாக 1960இல் ஒப்பந்தமானார்.

1961, 1962ஆம் ஆண்டுகளில் கப்ஸ் அணிக்கு மேலாளர் இல்லை. பயிற்றுனர் குழு ஒன்றின் உறுப்பினர்கள் மாறி மாறித் தலைமைப் பயிற்றுனராகச் செயற்பட்டனர். 1962 மே மாதத்தில் ஓ'நீல் பயிற்றுனராக நியமிக்கப்பட்டார். எட்டு ஆண்டுகள் மேலாளராக இருந்தவராயினும், தலைமைப் பொறுப்பு இவருக்கு ஒருமுறையேனும் தரப்படவில்லை.

ஆட்டத்தில் பந்தடிக்கும் அணியின் இரு பயிற்றுனர்கள் முதல், மூன்றாம் தளங்களின் அருகே நின்று, ஓடும் வீரர் தொடர்ந்து ஓடலாமா நிற்கலாமா என்பதைச் சைகையால் அறிவிப்பர். இவ்விடங்களிலும் ஓ'நீல் நிறுத்தப்படவில்லை. ஹூஸ்டனில் நடந்த ஓர் ஆட்டத்தில் பயிற்றுனர்கள் நடுவரால் வெளியேற்றப்பட்டபோது, அணி இருக்கையிலேயே இருந்த தம்மை விடுத்து, தொலைவில் எறிவீச்சாளர்களுடன் இருந்த பயிற்றுனர் அழைக்கப்பட்டதை இவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அப்பருவத்தில் கப்ஸ் அணி 59 ஆட்டங்களில் வென்று 103 ஆட்டங்களில் தோற்றது. மேஜர் லீக்கில் கறுப்பினத்தவர் ஒருவர் மேலாளரானது 1975இல்தான். கிளீவ்லாந்து அணியின் பிராங்க் ராபின்சனே அவர்.

பிற்காலம்

ஓ'நீல் பல ஆண்டுகள் கப்ஸ் அணிக்காக வீரர் தேடும் பணியைத் தொடர்ந்து, 1988இல் கன்சாஸ் நகர ராயல்ஸ் அணியில் அதே பணியில் சேர்ந்தார். 1990இல் கன்சாஸ் நகரில் நீக்ரோ லீக் அடிபந்தாட்ட அருங்காட்சியகம் அமைய முக்கிய பங்காற்றினார். கென் பர்ன்சு இயக்கி 1994இல் ஒளிபரப்பான "பேஸ்பால்" ஆவணத் தொடர் இவரை நாடறியச் செய்தது.

புகழவை

2006இல் அடிபந்தாட்டப் புகழவையின் சிறப்புக் குழு, நீக்ரோ லீக்குகளையும் அவற்றுக்கு முந்தைய கறுப்பின அணிகளையும் சார்ந்த 17 பேரைத் தேர்ந்தெடுத்தது. ஓ'நீல் அதில் இடம்பெறவில்லை. தேர்வான அனைவரும் முன்னரே மறைந்தவர்கள். ஆகவே அவ்வாண்டு சூலையில் கூப்பர்ஸ்டவுனில் நடந்த விழாவில் அவர்கள் சார்பில் ஓ'நீலே உரையாற்றினார். அதன்பின் மூன்று மாதங்களுக்குள், 94ஆம் அகவையில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் அதிபரின் விடுதலைப் பதக்கம் இவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

2021 டிசம்பரில் ஓ'நீல் புகழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2022 சூலை 24 அன்று முறைப்படி சேர்க்கப்பட்டார். அப்போது அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.