காலுக்கேற்ற செருப்பு

நம் வீடுகளில் பல்வலி வந்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். கண் மங்கினால் கண்ணாடி மாற்றுகிறோம். கால் வலிக்கு மட்டும் தைலம் போதும் என்று நினைத்துவிடுகிறோம். "நாள் முழுக்க நிக்கிறோம், வலிக்காம என்ன செய்யும்?" என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். இந்த மும்பையிலோ காலுக்கு ஓய்வு என்பதே அபூர்வம். ஸ்டேஷனில் பாலம் ஏறி இறங்க வேண்டும்; லோக்கலில் உட்கார இடம் கிடைத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்; இறங்கிய பிறகு பஸ் வரிசையில் நிற்க வேண்டும். வீடு திரும்பினால் சமையலறை காத்திருக்கும்.

நான் செம்பூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. 22 ஆண்டுகளாக நின்றுகொண்டே பாடம் நடத்துகிறேன். அதில் நான்கு ஆண்டுகள் குதிகால் வலியும் கூடவே வந்தது. இரண்டாவது வருடம் வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேசும் அளவுக்கு அது முற்றியது. இன்று மறுபடியும் முழு நாளும் நின்று பாடம் எடுக்கிறேன். இடையில் அறிந்துகொண்டவை நம் சங்கத்துச் சகோதரிகளுக்கும் பெரியவர்களுக்கும் பயன்படலாம் என்றே இதை எழுதுகிறேன்.

காலையில் முதல் அடி

படுக்கையிலிருந்து எழுந்து காலைத் தரையில் வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்தது போல் ஒரு வலி. பத்து அடி நடந்தால் கொஞ்சம் தணியும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் வரும். இப்படி இருந்தால் பெரும்பாலும் அது பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். நெடுநேரம் நிற்பவர்கள், உடல் எடை கூடியவர்கள், தட்டைப் பாதம் உள்ளவர்கள், கெண்டைக்கால் தசை இறுகியவர்கள் ஆகியோருக்கு இந்தப் பட்டை குதிகாலோடு சேரும் இடத்தில் நைந்து வலியெடுக்கிறது. வயது ஏற ஏறக் குதிகாலின் கொழுப்பு மெத்தையும் மெலிந்துவிடும்.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள் போல நீண்டிருப்பது தெரிந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. அதை வெட்டினால்தான் வலி தீரும் என்பதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிறது. கெண்டைக்கால் தசையை இழுத்துவிடும் பயிற்சி, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் அடியில் உருட்டுவது, பொருத்தமான காலணி ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் பனிக்கட்டி வைத்தியத்தைத் தவிர்க்க வேண்டும். வீக்கம், சிவப்பு, மரத்துப்போதல், ராத்திரி படுத்த பிறகும் விடாத வலி என்று இருந்தால் செருப்புக் கடைக்குப் போகுமுன் டாக்டரைப் பாருங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

செருப்பு வாங்க மாலையில் போங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்; காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் கடிக்கும். இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆகவே பெரிய காலுக்குத் தகுந்தபடி வாங்குங்கள். உட்கார்ந்தபடி போட்டுப் பார்ப்பது போதாது. எழுந்து நின்றால் பாதம் நீளும். நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

பிறகு ஷூவைக் கையில் எடுத்து முனையை மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில்தான் அது மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் கிடையாது. துணி பிழிவது போல முறுக்க முடிந்தாலும் வேண்டாம். குதிகாலைச் சுற்றிய பின்பகுதியை விரலால் அமுக்கினால் அது அமுங்காமல் நிற்க வேண்டும். குதிகால் வலிக்காரர்களுக்கு முழுத் தட்டையான அடியைவிட இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்ந்த குதி நல்லது. செருப்பானால் பின்பட்டை உள்ளதை எடுங்கள். பின்பட்டை இல்லாத செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் அதை ஓயாமல் கவ்விப் பிடிக்கின்றன; அந்த இழுப்பு முழுவதும் நார்ப்பட்டையில் போய் விழுகிறது. மெல்லிய தோல் அடியுள்ள கோலாப்பூரி பார்வைக்கு லட்சணம்தான். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், தினசரி லோக்கலுக்கு ஆகாது.

அளவெண்ணை நம்பி வாங்காதீர்கள். நம் கடைகளில் வழங்குவது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச் சென்ற அளவு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். அது நீளத்தைச் சொல்லுமே தவிர அகலத்தைச் சொல்லாது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் பாதங்களை அளவெடுத்தது. இந்தியர்களின் பாதம் மேல்நாட்டவர் பாதத்தைவிட முன்பகுதியில் அகலமானது என்று அதில் தெரிந்தது. ஷூ அகலம் போதாமல் ஓர் எண் பெரியதாக வாங்குகிறோம். பிறகு குதிகால் உள்ளே வழுக்குகிறது. முன்பக்கம் அகன்ற ஷூவைக் கேட்டு வாங்குவதே இதற்கு வழி.

வீட்டுக்குள் ஆறு மணி நேரம்

நல்ல ஷூ வாங்கிய பிறகும் எனக்குப் பாதி வலிதான் குறைந்தது. மீதியின் காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் பேட்டையில் உள்ள மராட்டிய டாக்டரம்மா. "பள்ளியில் சரி, வீட்டில் என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டார். கேள்வியே எனக்கு விசித்திரமாக இருந்தது. நம் வீடுகளில் வாசலோடு செருப்பு நின்றுவிடும் அல்லவா! அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பள்ளியில் ஷூவோடு ஆறு மணி நேரம். வீட்டில் காலை ஐந்திலிருந்து ஏழு வரையும் மாலை ஆறிலிருந்து பத்து வரையும் வெறுங்காலோடு, கல் போன்ற டைல்ஸ் தரையில், இன்னும் ஆறு மணி நேரம். ஊரில் நம் பாட்டிமார்கள் நடந்தது மண் தரையிலும் சாணம் மெழுகிய தரையிலும். பழக்கம் மட்டும் நம்மோடு வந்துவிட்டது, அந்தத் தரை வரவில்லை.

வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கினேன். என் மாமியார் திருநெல்வேலிக்காரர், எங்களோடுதான் இருக்கிறார்.

"ஏம்மா, அடுப்படிக்குள்ளயா செருப்பு?"

"அத்தை, இது வாசப்படி தாண்டாத செருப்பு. வாங்கினதும் கழுவித்தான் போட்டேன்."

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் நான் சமைக்கும்போது சமையலறைப் பக்கம் வராமலே இருந்தார்.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள் கூடத்துத் தரையில் ரத்தப் புள்ளிகள். தேடிப் பார்த்தால் அத்தையின் பாதத்தில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளின் ஒரு துணுக்கு ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. 17 வருடச் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போயிருந்தது. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டர் ஒரு வாரம் யோசித்ததை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. இனி வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது, எம்.சி.ஆர். செருப்புதான் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வேலூரில் பிறந்த செருப்பு

எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் அது. பாதத்தின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் அதில் பரவிவிடும். கீழே முள்ளும் கண்ணாடியும் துளைக்காத கெட்டியான இன்னோர் அடி இருக்கும்.

பெயரைக் கேட்டதும் அத்தை முகம் மாறியது. "அது அந்த நோய்க்காரங்களுக்குக் குடுக்கிற செருப்பில்ல?" என்றார். அவர் சொன்னது தொழுநோயை. அதில் உண்மை உண்டு. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குக் காரணம் சதை அழுகுவதல்ல, உணர்ச்சி இல்லாததால் ஓயாமல் படும் அடியே என்று எடுத்துக் காட்டினார். அவரும் உடன் உழைத்தவர்களும் எத்தனையோ பொருள்களைச் சோதித்து இந்த ரப்பருக்கு வந்தார்கள். செருப்பைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து அதைப் போடாமலே இருந்த நோயாளிகளும் உண்டு. மரத்துப்போன சர்க்கரைக்காரர் காலுக்கும் அதே ஆபத்து என்பதால் இன்று அவர்களுக்கும் இதையே கொடுக்கிறார்கள். சாதாரணச் செருப்பு போலவே பல மாதிரிகளில் கிடைக்கிறது.

இதை அத்தையிடம் பொறுமையாகச் சொன்னவர் என் கணவர். இரண்டு நாள் கழித்து, "சாமி ரூமுக்குள்ள மட்டும் போட மாட்டேன்" என்றார். சரி என்றோம். அங்கே கனமான பாய் ஒன்றை விரித்தோம். செருப்பு வாசற்படியோரம் நிற்கும். இப்போது வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுத் தம் கையாலேயே அதைக் கழுவுகிறார். செட்டா நகர் முருகன் கோயிலின் 108 படிகளை ஏற வேண்டுமென்றால் வெயில் சுடுமுன் காலையிலேயே கனத்த காலுறையோடு போய்வருகிறார். திரும்பியதும் இரண்டு பாதங்களையும் நான் பார்க்கிறேன். அவரிடம் ஒரு பேச்சு இல்லாமலே சமையலறைச் சண்டையும் முடிந்துவிட்டது.

மழையும் ஊரும்

சில சிறு குறிப்புகள். ஜூன் வந்தால் இங்கே எல்லோரும் பிளாஸ்டிக் செருப்புக்கு மாறுகிறோம். நான்கு மாதம் தட்டை அடியில் நடக்கிறோம். வேலையிடத்தில் ஒரு நல்ல ஜோடியை வைத்துவிட்டு, மழைச் செருப்பை வழிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். முள் முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பைச் சர்க்கரைக்காரர்கள் தொடவே கூடாது. அவர்கள் ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுப் பார்ப்பதும் அவசியம்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் செருப்பு வாங்கி அனுப்புகிறவர்கள் அடுத்த லீவில் ஒரு வேலை செய்யுங்கள். மாலையில் அவர்களைச் செய்தித்தாளின் மேல் நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டி எடுத்து வாருங்கள். கடையில் அந்தக் காகிதத்தைச் செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் வெளியே நீட்டக்கூடாது. அப்படிக் குனிந்து வரையும்போது அவர்கள் உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.