இயேசு மனிதரா, கடவுளா? சந்தேகங்களும் விளக்கங்களும்

நிசேயா திருச்சங்கம் கூடி 2025-ஆம் ஆண்டுடன் 1,700 ஆண்டுகள் நிறைவடைந்தன. இதையொட்டி, திருத்தந்தை பதினான்காம் லியோ அந்த ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி துருக்கியின் இஸ்னிக் நகரில் (பழைய நிசேயா) பிற சபைத் தலைவர்களுடன் இறைவேண்டலில் பங்கேற்றார். அச்சங்கம் விவாதித்த பொருள் குறித்து எழும் பொதுவான சந்தேகங்களுக்கான விளக்கங்கள் வருமாறு:

மெசியா என்பவர் யார்?

கடவுளால் அருள்பொழிவு செய்யப்பட்டவர் மெசியா, கிரேக்கத்தில் கிறிஸ்து. தாவீது அரசரின் வழிமரபில் ஒரு மீட்பர் வருவார் என்பது யூதர்களின் எதிர்பார்ப்பு. அவர் கடவுளாகவும் இருப்பார் என்பதை யூத சமயம் ஏற்பதில்லை. கிறிஸ்தவர்களோ இயேசுவையே அந்த மெசியாவாகவும், கடவுளும் மனிதருமானவராகவும் நம்புகின்றனர்.

பாதி மனிதர், பாதி கடவுள் என்று பொருளா?

இல்லை. முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், ஆனால் ஆள் ஒருவரே என்று கி.பி. 451-இல் கல்செதோன் சங்கம் வரையறுத்தது. இரு இயல்புகளும் கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் இருப்பதாக அது கூறியது. நான்கும் எதிர்மறைச் சொற்களே. இரண்டும் எவ்வாறு இணைந்தன என்பதைச் சங்கம் விளக்க முற்படவில்லை.

விவிலியத்தில் இதற்கு ஆதாரம் எங்கே?

கல்செதோன் வரையறை அப்படியே எந்த வசனத்திலும் இல்லை. கடவுளாயிருந்த வாக்கு மனிதரானதாக யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரமும் (வசனம் 1, 14), கடவுள் வடிவில் இருந்தவர் அடிமையின் வடிவை ஏற்றதாகப் பிலிப்பியர் 2:6-8-உம் கூறுகின்றன. மாற்கு 4:35-41-இல் இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் காணலாம்: படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்து உறங்கியவர், எழுப்பப்பட்டதும் புயலை அதட்டி அடக்குகிறார்.

கடவுள் என்றால், இறுதி நாள் எப்போது என்பது அவருக்குத் தெரியாமல் போனது ஏன்?

அந்த நாள் தந்தைக்கு மட்டுமே தெரியும், மகனுக்கும் தெரியாது என்று மாற்கு 13:32-இல் இயேசுவே சொல்கிறார். இந்த விவாதத்திலேயே கடினமான வசனம் இதுதான். மகன் தந்தைக்குச் சமமல்ல என்று வாதிட்டவர்களுக்கு இதுவே பிடிமானம். அறியாமை அவர் ஏற்ற மனித இயல்புக்கு உரியது என்பது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் அளித்த பதில்.

325-இல் நிசேயாவில் வாக்கெடுப்பு நடத்தித்தான் இயேசு கடவுளாக்கப்பட்டாரா?

இல்லை, பிலிப்பியர் திருமுகம் அதற்கு 250 ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. மகனும் படைக்கப்பட்டவரே, ஆனால் படைப்புகளில் முதன்மையானவர் என்று அலெக்சாந்திரியா குரு ஆரியுஸ் போதித்ததே சர்ச்சைக்குக் காரணம். இயேசு வெறும் மனிதர் என்று அவரும் சொல்லவில்லை. பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய சங்கத்தில் 318 ஆயர்கள் இருந்ததாக மரபு கூறுகிறது. மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்ற முடிவை இறுதிவரை ஏற்காத ஆயர்கள் இருவரும், ஆரியுஸும் நாடு கடத்தப்பட்டனர்.

அத்துடன் சர்ச்சை முடிந்ததா?

முடியவில்லை. பேரரசர்கள் மாறியபோது அரண்மனையின் ஆதரவும் மாறியது. நிசேயாவின் முடிவை ஆதரித்த அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார்.

எல்லாச் சபைகளும் நிசேயாவின் முடிவை ஏற்கின்றனவா?

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளும் சி.எஸ்.ஐ., லூத்தரன் உள்ளிட்ட சபைகளும் நிசேயாவை ஏற்கின்றன. யெகோவாவின் சாட்சிகள் ஏற்பதில்லை. எகிப்தின் காப்டிக், அர்மீனிய, கேரளத்தின் மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சபைகள் நிசேயாவை ஏற்றாலும், கல்செதோனை ஏற்கவில்லை. எனினும், கிறிஸ்து முழுக் கடவுளும் முழு மனிதருமானவர் என்று 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டிக் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் கூட்டாக அறிவித்தனர்.

திருப்பலியில் சொல்லப்படும் நிசேயா நம்பிக்கை அறிக்கை 325-இல் எழுதப்பட்டதா?

இன்றைய வடிவம் 381-ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்துடன் தொடர்புடையது. கத்தோலிக்கத் திருப்பலியில் இது ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் சொல்லப்படுகிறது. இதற்குப் பதிலாகத் திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையையும் பயன்படுத்தலாம். அவர் மனிதரானார் என்ற பகுதி வரும்போது அனைவரும் தலைவணங்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றும், மங்கள வார்த்தைத் திருநாளிலும் (மார்ச் 25) அந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்பது விதி.