கொட்டகையில் உறங்கிய கார்

பழம்பொருள் என்றதும் நம் நினைவில் எழுவன கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே. எழுபது எண்பது ஆண்டுகட்கு முன் தொழிற்சாலையில் செய்யப்பெற்ற மோட்டார் காரையும் அவ்வரிசையில் வைத்து ஆராய்வோர் மேனாடுகளில் உள்ளனர் என்றால் சிலர் நகைக்கவும் கூடும். ஆனால், நாள்தோறும் ஓடும் காரைப் பேணுவதும், பல்லாண்டுகள் ஓடாமல் கிடந்த காரை மீட்டெடுப்பதும் ஒரே வேலை அல்ல. முன்னது பட்டறைக்காரரின் தொழில். பின்னது ஏறக்குறைய ஏடு பதிப்பிப்போரின் தொழிலை ஒத்தது. எதைத் திருத்துவது, எதை இருந்தவாறே விடுவது என்னும் கேள்வி இரண்டு இடத்திலும் எழுகின்றது.

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரில் மருத்துவர் ஒருவர் வாழ்ந்தார். 1955ஆம் ஆண்டில் அவர் புகாட்டி கார் ஒன்றை வாங்கினார். 57-எஸ் அட்டலாண்ட் என்பது அதன் வகை. அவ்வகையில் செய்யப்பெற்றவை 17 மட்டுமே. 1937இல் உருவான அக்காரின் முதல் உடைமையாளர், பிரிட்டிஷ் பந்தயக் கார் ஓட்டிகள் மன்றத்தின் தலைவராக விளங்கிய ஹவ் பிரபு. மருத்துவர் சில ஆண்டுகளே அதனை ஓட்டினார். 1960ஆம் ஆண்டளவில் தம் வீட்டுக் கராஜில் நிறுத்திக் கதவைச் சாத்தினார். அவர் காலமான 2007ஆம் ஆண்டு வரையில் அது அங்கேயே இருந்தது. 2009 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் ஏலத்திற்கு வந்தபோது 34 இலட்சம் யூரோவுக்கு மேல் விலை போயிற்று. அப்போது அதன் மைல் காட்டும் கருவியில் இருந்த எண் 26,284.

தூசி படிந்து, டயர்களில் காற்றிறங்கி நின்ற ஒரு வண்டிக்கு இத்துணை விலையா எனின், அந்த விலை அதன் பளபளப்புக்குக் கொடுத்தது அன்று. அடிச்சட்டம், எஞ்சின், உடற்கூடு ஆகியவை தொழிற்சாலையில் முதன்முதலில் பொருத்தியவையாகவே இருந்தன என்பதற்குக் கொடுத்த விலை அது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம் அமைந்து ஐம்பதாண்டு நிறைவெய்திய விழாவை முன்னிட்டு, டல்சா நகரத்தார் 1957 ஜூன் 15ஆம் நாள் புத்தம் புதிய பிளிமத் பெல்வெடியர் கார் ஒன்றை நீதிமன்றத்துப் புல்வெளியில் கான்கிரீட் அறை கட்டிப் புதைத்தனர். அணுகுண்டு விழுந்தாலும் அவ்வறை தாங்கும் எனச் சொல்லப்பட்டது. வண்டியின் மேல் துருவைத் தடுக்கும் பசை தடவி உறைகளால் பொதிந்தனர். ஐம்பதாண்டு கழித்துப் பெட்ரோல் என்ற ஒன்றே வழக்கில் இல்லாமற் போகலாம் எனக் கருதி, கூடவே பெட்ரோலும் எஞ்சின் எண்ணெயும் வைத்தனர். 2007இல் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று நகரத்தாரைக் கணிக்கச் சொல்லி, மிக அணுக்கமான எண்ணைக் கூறியவர்க்கே கார் எனப் பரிசும் அறிவித்தனர். குறித்தபடி 2007 ஜூன் திங்களில் அறையைத் திறந்தனர். உள்ளே தண்ணீர் நின்றது. மூடியின் வழியே ஊறிய நீரில் பல்லாண்டுகள் ஊறிக் கிடந்து, வண்டி முழுதும் துருவாய் இருந்தது. பரிசுக்குரியவரோ முன்னரே காலமாகிவிட்டார். அவருடைய உறவினர் அதனைப் பெற்று, துருவைக் கழுவி எடுக்கும் முயற்சியில் ஈடுபட்டனர். உருவம் ஓரளவு தெளிந்தது. ஓட்டுதற்குரிய வலு சட்டத்தில் இல்லை. 2017இல் அது இல்லினாய் மாநிலத்து அருங்காட்சியகம் ஒன்றைச் சென்றடைந்தது.

மறதியாய் விடப்பட்ட வண்டி பிழைத்தது. கருத்தாய்க் காக்கப்பட்ட வண்டி அழிந்தது. இவ்விந்தைக்குக் காரணம் நீர் ஒன்றே. இரும்பு துருப்பிடிக்க உயிர்வளியும் ஈரமும் சேர வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டிய பின்னரே துரு விரைந்து பரவுகின்றது. ஆகவே பலகைத் தளமோ சிமிட்டித் தளமோ உள்ள, காற்றோட்டமான, கூரை ஒழுகாத கொட்டகை காருக்கு நல்ல உறைவிடம். மண் தளம் ஆகாது. தரையிலிருந்து எழும் ஈரம் வண்டியின் அடிப்பகுதியில் இரவுதோறும் படியும். மேலே பார்த்தால் மினுமினுக்கும் கார், கீழே குனிந்து பார்த்தால் சல்லடையாய் இருக்கும். காற்று உள்ளே புகாதபடி இறுக மூடுவதும் தவறே. அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லை. ஆண்டு முழுதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில், வெறும் தார்ப்பாயைப் போர்த்திக் காரைக் காப்பாற்றிவிடலாம் என்பது வீண் நம்பிக்கை.

சரி, நல்ல கொட்டகையில் நல்ல நிலையில் ஒரு கார் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்டெடுத்தவருக்கு முதலில் தோன்றும் ஆசை, புதிய பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது. முப்பது நாற்பது ஆண்டுகள் தப்பிப் பிழைத்த எஞ்சின் அரை நிமிடத்தில் கெடுவது பெரும்பாலும் அந்த ஆசையாலேயே.

ஏன் என்று பார்ப்போம். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் அதன் வால்வுகளுள் சில திறந்தே இருக்கும். திறந்திருக்கும் வால்வின் வழியே ஈரக் காற்று அந்தச் சிலிண்டருக்குள் போகும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். மற்றச் சிலிண்டர்கள் நன்றாயிருக்க, ஒன்று மட்டும் பற்றிக்கொண்டிருப்பது இதனால்தான். வலுவில் சுழற்றினால் வளையம் முறியும். சுவரில் கீறல் விழும். அனுபவம் வாய்ந்த பட்டறைக்காரர் செய்வது வேறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே ஊடுருவும் தன்மையுள்ள எண்ணெயைச் சிறிது ஊற்றி, நாட்கணக்கில் விட்டுவிடுவார். பிறகு கையால், ஸ்பானரைக் கொண்டு, முன்னும் பின்னும் நூலளவு அசைத்துப் பார்ப்பார். அசையாவிடில் மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருப்பு. இவ்வேலையில் பொறுமையே பெரிய கருவி.

எஞ்சின் சுழன்ற பின்னரும் அவசரம் கூடாது. நாற்பதாண்டில் தாங்கிகளின் இடையே இருந்த எண்ணெய் முழுதும் வடிந்து அடித்தட்டுக்குப் போயிருக்கும். அந்நிலையில் எஞ்சினை முடுக்கினால் உலோகத்தோடு உலோகம் உராயும். ஆகவே பழைய எண்ணெயை இறக்கி, அடித்தட்டில் களிபோல் தங்கிய கசட்டை வழித்தெடுத்து, புதிய எண்ணெய் விட்டு, பிளக்குகள் இல்லாமலே எஞ்சினைச் சுழற்றி, எண்ணெயழுத்தம் காட்டும் முள் எழுகிறதா என்று பார்த்த பிறகே தீப்பொறிக்கு இடம் கொடுக்கவேண்டும்.

பெட்ரோல் செய்யும் தீங்கு பலர் அறியாதது. தொட்டியில் விட்ட பெட்ரோலில் இலேசான பகுதிகள் ஆவியாகப் போய்விடும். எஞ்சியது உயிர்வளியோடு சேர்ந்து பிசினாகும். கார்பரேட்டரில் ஊசிமுனை போன்ற துளைகளை அது அடைத்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய கேடும் உண்டு. கெட்ட பெட்ரோலிலேயே எஞ்சின் ஒருவேளை ஓடியும் விடும். ஓட்டியவர் மகிழ்ந்து வீட்டுக்குப் போவார். இரவு எஞ்சின் குளிரும்போது, பிசின் வால்வுத் தண்டுகளை அவற்றின் குழல்களோடு ஒட்டிவிடும். மறுநாட்காலை முடுக்கியவுடன், அசைய மறுக்கும் வால்வைத் தள்ளும் கோல் வளைந்துபோகும். முதல்நாள் ஓடிய வண்டி மறுநாள் ஓடாததன் மருமம் இதுவே. எனவே தொட்டி, குழாய், கார்பரேட்டர் மூன்றையும் முற்றக் கழுவாமல் ஒரு துளிப் பெட்ரோலும் விடுதல் ஆகாது.

எஞ்சின் கெட்டால் பணம்தான் போகும். பிரேக் கெட்டால் உயிர் போகும். பல கார்களின் பிரேக்கை இயக்கும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் சக்கரங்களிலுள்ள சிறு சிலிண்டர்களைக் குழிகுழியாய் அரிக்கும். மிதியை அழுத்தினால் முதல் நாலைந்து முறை நன்றாகவே பிடிக்கும். பின்னர் அக்குழிகளில் உரசிய ரப்பர் கிழிய, மிதி தரைவரையில் இறங்கிவிடும். ரப்பர்க் குழாய் உட்புறமாக ஊதி அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது பிரேக் பிடிக்கும், விடாது. டயரும் இத்தகையதே. பட்டைகள் தேயாதிருப்பது கண்டு ஏமாறலாகாது. ரப்பர் ஓடித் தேய்வது ஒருவகை முதுமை என்றால், நின்று காய்ந்து வெடிப்பது இன்னொருவகை முதுமை. பழைய மின்கம்பிகளின் மேல் பருத்தி நூலுறையும் அதனுள் ரப்பரும் இருக்கும். அந்த ரப்பர் காய்ந்தபின் கம்பியை வளைத்தால் பொரிபோல் உதிரும். கம்பியோடு கம்பி பட்டால் தீ. கொட்டகையில் குடியேறிய எலிகளும் இவ்விடத்தில் தம் பங்கைச் செலுத்தியிருக்கும். இருக்கையின் குதிரைமயிர்த் திணிப்பு அவற்றுக்கு நல்ல மெத்தை. அவற்றின் சிறுநீர் இரும்பை அரிக்கும்.

இதுவரை கூறியவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. உயிர்க்காப்புக்கு உரியவற்றை மாற்றியே ஆகவேண்டும். வாதம் தொடங்குவது சாயத்தில்.

காரைத் துலக்கிக் காட்டவேண்டும் என்னும் விருப்பம் இயல்பானது. பழைய சாயம் மங்கியிருக்கும், ஆங்காங்கே வெடித்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு புதுச் சாயம் அடிப்பது எளிது, பார்வைக்கும் இன்பம். ஆனால் அந்தச் சாயத்தில் செய்தி இருக்கின்றது. எத்தனை பூச்சு, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம், தொழிலாளி தூரிகையால் பூசினாரா குழலால் தெளித்தாரா, கண்ணுக்குப் படாத இடங்களில் எவ்வளவு அக்கறை காட்டினார் என்பனவெல்லாம் அதிலே உள்ளன. சுரண்டிவிட்டால் எந்த நூலைப் புரட்டியும் அவற்றைத் திரும்பப் பெறமுடியாது. ஒரு காருக்குப் பத்து முறையும் புதுச் சாயம் அடிக்கலாம். முதற்சாயம் ஒரு முறைதான். அதனால் இன்று விவரமறிந்தவர்கள், கண்டெடுத்த வண்டியைக் கழுவுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்கின்றனர். நீரையும் மெல்லிய துணியையும் தவிர வேறொன்றும் முதலில் தொடுவதில்லை. மெருகு தேய்க்கும்போது துணியில் நிறம் ஒட்டினால் அது அழுக்கன்று, காரின் சாயமே போகின்றது என்று அறிந்து நிறுத்திவிடுகின்றனர்.

இந்த நோக்கு எப்போதும் இருந்ததன்று. 1950இல் தொடங்கிய கலிபோர்னியாவின் பெபிள் பீச் கார்க் கண்காட்சி, இத்துறையில் தலைமை பெற்றது. அங்குப் பல்லாண்டுகள் பெருமை பெற்றவை, திருகாணி வரை புதுக்கப்பட்ட வண்டிகளே. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிலும் அவை அவ்வளவு பளபளத்திருக்கமாட்டா. பொய்யான அழகு என்று அதைச் சொல்வது சற்றுக் கடுமையாகலாம். ஆயினும் அதில் உண்மை இல்லாமலில்லை. 2024 ஆகஸ்டில்தான் அக்கண்காட்சியின் தலைப்பரிசு, புதுக்கப்படாமல் பேணப்பட்ட ஒரு காருக்கு முதன்முறையாகக் கிடைத்தது. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த 1934ஆம் ஆண்டுப் புகாட்டி 59 அது. கறுப்பில் மஞ்சட் கோடு தீட்டிய அதன் பழைய மேனியில் தேய்வும் வெடிப்பும் அப்படியே இருந்தன.

இதற்கு முன்பே கொள்கையளவில் வழி வகுக்கப்பட்டிருந்தது. பழங்காலக் கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 1966இல் தோன்றியது. அது 2012இல் டூரின் சாசனம் என்பதை ஏற்றது. பழங்கட்டடங்களைக் காப்பதற்கென 1964இல் எழுந்த வெனிஸ் சாசனமே அதற்கு முன்மாதிரி. தமிழாசிரியர்க்கு அதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. நாம் பேச்சில் ‘ரிப்பேர்’ என ஒரே சொல்லில் அடக்குவதை அச்சாசனம் படிப்படியாய்ப் பிரிக்கின்றது. கெடாமல் காப்பது ஒன்று; மேலும் கெடுவதைத் தடுத்து நிறுத்துவது ஒன்று; உடைந்ததை ஓடச் செய்வது ஒன்று; முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று; இல்லாததைச் செய்து சேர்ப்பது ஒன்று. பேணல், நிறுத்தல், செப்பனிடல், புதுக்கல், மறுபடைத்தல் என இவற்றைத் தமிழில் வழங்கலாம். இதனினும் நல்ல சொற்களை அன்பர்கள் தரின் ஏற்கத்தக்கதே. படி ஏற ஏறப் பழமை குறைகின்றது. ஆகவே தேவைக்கு மேல் ஒரு படியும் ஏறாதிருத்தலே அச்சாசனத்தின் போக்கு.

அச்சாசனம் கூறும் நடைமுறை ஒன்று வீட்டிற் பழைய பொருள் வைத்திருக்கும் எவர்க்கும் பயன்படும். புதிதாய்ச் சேர்த்த உறுப்பில் அழியாத சிறு குறி ஒன்று இடவேண்டும். பின்வருவோர் பழையது எது, புதியது எது என மயங்கமாட்டார்கள். என்ன செய்தோம், என்று செய்தோம் என எழுதிவைக்கவேண்டும். கழற்றிய பழைய பிரேக் குழாயையும் பொடிந்த மின்கம்பியையும் கிழிந்த தோலையும் குப்பையில் எறியாமல், சீட்டெழுதிக் கட்டிப் பெட்டியில் வைப்பது பொறுப்புள்ள பட்டறைகளின் வழக்கம். கார் கைமாறும்போது அப்பெட்டியும் உடன் செல்கின்றது.