த/பெ அருணாசலம்

திருவண்ணாமலையில், வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதித் தருவது என் தொழில். திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், பெயர் கேட்டால் பல பேர் ஊரையே பெயராகச் சொல்வார்கள்: பழனி, சிதம்பரம், திருப்பதி, காசியம்மாள். ‘அண்ணாமலை, த/பெ அருணாசலம்’ என்று எழுதும்போது, தகப்பனும் மகனும் ஒரே மலையின் பெயரில் நிற்பார்கள்.

ஒரு தாய் மகன் பெயரை வெஸ்லி என்றார். “பாஸ்டர் வச்ச பேருங்கய்யா, என்னா அர்த்தம்னு தெரியாது.” அதுவும் ஊர்ப்பெயர்தான், இங்கிலாந்து ஊர்ப்பெயர்; மேற்குப் புல்வெளி என்று பொருள். ஸ்டான்லி, ஆஷ்லி, ஷெர்லி எல்லாம் அதே வகை. ஸ்டான்லி என்றால் கல் நிறைந்த வெளி.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலப்பிரபுக்கள் தங்கள் பண்ணையின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரை விட்டுப் பிழைக்கப் போன ஏழையைப் புது ஊர்க்காரர்கள் பழைய ஊரின் பெயரால் அழைத்தார்கள். அது வழிவழியாக நிலைத்துக் குடும்பப் பெயரானது. பிறகு வசதியான வீடுகளில், தாய்வீட்டுக் குடும்பப் பெயர் அழிந்துவிடக் கூடாதென்று அதையே மகனுக்கு வைத்தார்கள். அடுத்து வந்தது அபிமானம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் (1703–1791) பெயர் அப்படித்தான் நம்மூர் கிறிஸ்தவ வீடுகள்வரை வந்தது. ஷெர்லி ஆண்பிள்ளைக்குரிய பெயராக இருந்தது. 1849இல் சார்லட் பிராண்டி எழுதிய நாவலில், மகனை எதிர்பார்த்த பெற்றோர் மகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். அதன்பின் அது பெண்களுக்கே உரியதாகிவிட்டது.

நம் கதை வேறு. அண்ணாமலை என்று பெயருள்ளவர் இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்காரர். அவர் பெயரிலுள்ள பல்கலைக்கழகம் 1929இல் சிதம்பரத்தில் எழுந்தது. அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் மத்திய நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம். ஊர் சாமியாகி, சாமி பிள்ளையாகிறது. குழந்தை வரம் கேட்டு வேண்டிக்கொண்டவர்கள், பிறந்ததும் கரும்பில் தொட்டில் கட்டிப் பிள்ளையைச் சுமந்தபடி இங்கே கோயிலைச் சுற்றிவருவதை இன்றும் பார்க்கலாம். ஆங்கிலேயர் பெயரில் இருப்பது ஆண்ட ஊர், அல்லது விட்டுவந்த ஊர். நம் பெயரில் இருப்பது தேடிப்போய்க் கையேந்திய ஊர். இதனால்தான் இந்தப் பெயர்கள் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ என்றொரு கட்டம் உண்டு. குடும்பப் பெயர் இல்லாத நம் பையன்கள் பலரும் அதில் அப்பா பெயரைப் போடுகிறார்கள். இங்கிலாந்தில் ஊர், குடும்பப் பெயராகிப் பிறகு பிள்ளையின் பெயரானது. இங்கே பிள்ளைக்கு வைத்த அண்ணாமலை, கடல் கடந்ததும் குடும்பப் பெயராகிப் பேரப்பிள்ளைகளுக்கும் தொடர்கிறது. பழைய பெயராயிருக்கிறதே என்று சிலர் அதை ஓரெழுத்தாகச் சுருக்கப் பார்க்கிறார்கள். “அப்பா பேர முழுசா எழுதுப்பா” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் எழுதித் தருகிறேன்.